பதில் பேசாத நாற்பது நாட்கள்

நவமணியின் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டையில் அவள் பாடகர் குழுவில் நின்ற காலத்தில், ஆராதனைக்குத் தாமதமாக வருகிறவர்கள் பஸ் ஸ்டாப்பில் இறங்கியதுமே எந்தப் பாட்டு, எத்தனையாவது சரணம் என்று கண்டுபிடித்து நடையைக் கூட்டுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் ரொம்பக் கூட்டவில்லை. அந்தத் தொண்டையோடுதான் 1999இல் கணவன் ஜெயசிங்கின் பின்னால் சவுதி அரேபியாவில் அல் கோபாருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே கோயில் கிடையாது, மணி கிடையாது, பாடகர் குழுவும் கிடையாது. இருந்ததெல்லாம் ஐந்து தமிழ்க் குடும்பங்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நவமணி வீட்டு ஹாலில் கூடுவார்கள். வீட்டுக்குள் நாலு பேர் உட்கார்ந்து ஜெபிப்பதை யாரும் தேடி வந்து பிடித்ததாக அவர்களுக்குத் தெரிந்து ஒரு கதையும் இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்திலிருந்து ஒரு புகார் போனால் விசாவுக்கு ஆபத்து என்ற பயம் எல்லார் வயிற்றிலும் இருந்தது. அதனால் அவர்களுக்கென்று சில பழக்கங்கள் ஏற்பட்டிருந்தன. யாரும் சேர்ந்து வருவதில்லை, பத்து நிமிஷம் விட்டு விட்டுத்தான் வருவார்கள். ஒருத்தர் கையில் கேக் பெட்டி இருக்கும், பார்த்தால் பிறந்தநாள் வீடு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. செருப்பை வாசலில் விடக்கூடாது. பதினெட்டு ஜோடிச் செருப்பும் நவமணி கட்டிலுக்கு அடியில் கிடக்கும். ஏசியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, பாட்டை நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் பாடுவார்கள். ஆமென் உதட்டளவில்தான்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. ஊரில் வீடு கட்டி வந்தாயிற்று, பெரிய கோயில், பெரிய ஆர்கன், வேண்டுமளவு சத்தமாகப் பாடலாம். ஆனால் கோபார் என்று யாராவது வாயெடுத்துவிட்டால் போதும், அவளை நிறுத்த முடியாது. ஏசிக் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு முணுமுணுவென்று பாடிய அந்தப் பாட்டைப் போல இனி ஒரு பாட்டைத் தன்னால் பாட முடியாது என்பாள். கூட்டம் முடிந்ததும் தரையில் பேப்பர் விரித்துச் சாப்பிட்ட பிரியாணி, மாலையில் கடற்கரை கார்னிஷில் பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு ஃபிளாஸ்கில் குடித்த சுலைமானி டீ எல்லாவற்றையும் சொல்வாள். சொல்லும்போது கண் கலங்கும். அந்த வருஷங்களை அவள் அவ்வளவு நேசித்தாள்.

ஒன்றை மட்டும் யாரும் கேட்காமல் சொல்ல மாட்டாள். அது 2006ஆம் வருஷத்து லெந்து காலம்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் ஆளுக்கொரு காரியத்தை விட்டுவிடுவது அந்த ஐந்து குடும்பத்தின் வழக்கம். ஒருத்தர் கறியை விடுவார், ஒருத்தர் சினிமாவை விடுவார். அந்த வருஷம் ஜெயசிங் டீயை விட்டான். நவமணிக்கு எதை விடுவதென்று தெரியவில்லை. மற்ற ஒழுங்கிலெல்லாம் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. காலை நாலரைக்கு எழுந்து அரை மணி ஜெபம், வேதத்தில் இரண்டு அதிகாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை உபவாசம் எல்லாம் சாமானியமாகத் தவறாது. ஆனால் நாக்கு மட்டும் இந்த ஒழுங்கு எதற்கும் கட்டுப்படவில்லை. உபவாச நாட்களில் பசியும் சேர்ந்துகொண்டதால் கோபம் இரட்டிப்பாகவே வந்தது.

"நீ பதில் பேசுறத விட்டுரேன்" என்றான் ஜெயசிங்.

"நான் எங்க பதில் பேசுதேன்?"

"இந்தா, இப்பம்."

அதற்கு அவள் பேசிய பதில் கால் மணி நேரம் ஓடியது. ஓடி முடிந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றாள். யார் என்ன குற்றம் சொன்னாலும் நாற்பது நாள் பதிலுக்குப் பதில் பேசுவதில்லை. விசாரணைக்காகப் பிலாத்துவுக்கு முன்னால் நின்றபோது இயேசு வாயைத் திறக்கவில்லையே, அந்தக் குணத்தில் கடுகளவாவது தனக்கு வந்துவிடாதா என்று மனசாரத்தான் ஆசைப்பட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டரில், தவறிய நாட்களுக்கெல்லாம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். முதல் ஒன்பது நாளில் எட்டுப் பெருக்கல் குறி. மிச்சமிருந்த ஒரு நாள் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் பத்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் மாடியில் இரண்டே வீடு. ஒன்று நவமணியுடையது, மற்றது திருச்சிக்காரர்களான முத்துராமன், பத்மா தம்பதியுடையது. வாசல் எதிரெதிராக இருந்தாலும் இரண்டு ஹாலுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நாலு வருஷப் பழக்கம். பத்மா, நவமணியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பொங்கலுக்கு அங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து பலகாரத் தட்டு போகும். பத்மாவுக்குக் குழந்தை இல்லை. முந்தின ரமலான் மாதத்தில் ஆறு மாதக் கர்ப்பம் கலைந்துபோனது, இரண்டாவது முறை. முத்துராமனுக்கு ரிஃபைனரியில் ஷிஃப்ட் டியூட்டி, வர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பத்மா கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் நவமணிதான். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை நவமணி வைத்துக்கொள்ளவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து பத்மா வீட்டில் ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை ஆனால் டிவி அலறும். சினிமாப் பாட்டு, பட்டிமன்றம், காமெடி என்று எதுவோ ஒன்று, சுவர் அதிரும்படி. பதினொன்றுக்கு ஜெபம் முடியும்போது டிவியும் நிற்கும். மற்ற நாளில் அந்த வீட்டில் டிவி இருப்பதே தெரியாது.

"வேணும்னே செய்யுதா" என்றாள் நவமணி. "பலகாரத் தட்டுல இந்தத் தடவ முறுக்கு கம்மி. அதான் மனசுல வச்சிருக்கா."

"முறுக்குக்காக ஒருத்தி ரெண்டு மாசம் டிவி போடுவாளா?" என்றான் ஜெயசிங்.

"அப்பம் நாம ஜெபம் பண்ணுறது பிடிக்கல."

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து குடும்பமும் கண்ணை மூடி, ஒரு தாய் தன் பிள்ளையின் சுகத்துக்காக அழுது ஜெபித்துக்கொண்டிருந்த நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டிமன்றத்தில் கைதட்டல். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது கைதட்டலுக்கு நவமணி எழுந்தாள். ஜெயசிங் சேலையைப் பிடித்து இழுத்ததைப் பொருட்படுத்தாமல் கதவைத் திறந்துகொண்டு போய் எதிர்வீட்டு மணியை அழுத்தினாள். பசி, பத்து நாளாக அடக்க முயன்ற வாய், எல்லாம் சேர்ந்துகொண்டது.

பத்மா கதவைத் திறந்து, "என்னக்கா?" என்றாள்.

"நாலு மனுஷர் குடியிருக்குற இடம்னு நெனப்பு வேண்டாமா? பிள்ளை குட்டி இருக்குற வீடுன்னா சத்தம் எவ்வளவு இருக்கணும்னு தெரியும். உனக்கென்ன, டிவிதானே பிள்ளை!"

சொல்லி முடித்த மறு விநாடியே தான் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. சொன்னதைத் திரும்ப வாய்க்குள் எடுத்துப் போட்டுக்கொள்ள ஒரு வழியும் இல்லை. பத்மாவின் முகம் வெளுத்தது. கதவை மெதுவாகச் சாத்தினாள். உள்ளே டிவி நின்றது.

மிச்ச ஜெபம் அமைதியாக நடந்தது. நவமணிக்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை. அன்று காலண்டரில் பெருக்கல் குறி போடப் போனவள், பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

அழுதாளே தவிர எதிர்வீட்டுக்குப் போகவில்லை. கூட்டத்தில் மற்றவர்கள் பயந்துபோனார்கள். பத்மாவுக்கு இங்கே நடப்பதெல்லாம் தெரியும். கோபத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்?

"போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரு" என்றான் ஜெயசிங். "எல்லார் வேலையும் இதுல கெடக்கு."

"பயந்துட்டுப் போய்க் கேட்டா அது மன்னிப்பா? அது விசாவுக்குக் கேக்குறது. மனசுல பயம் போவட்டும், அதுக்குப் பொறவு போறேன்."

எவ்வளவு உயர்ந்த கொள்கை பாருங்கள்! ஆனால் அந்தக் கொள்கைக்கு அடியில் வேறொன்று ஒளிந்திருந்தது என்பது நவமணிக்குத் தெரியும். தப்பு தன்னுடையது மட்டுமல்ல, முதலில் ஆரம்பித்தவள் டிவி போட்டவள்தானே என்ற கணக்குதான் அது. இரண்டு முறை எதிர்வீட்டு வாசல் வரை போனாள். இரண்டு முறையும் மணியை அழுத்தாமல் திரும்பினாள். லிஃப்ட் வாசலில் எதிர்ப்பட்டால் பத்மா மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு குடும்பம் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வந்தவர்கள், கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். ஈஸ்டர் வரைக்கும் கூட்டத்தை வேறு வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அதற்குள் எதிர்வீட்டு விஷயம் சரியானால் திரும்ப இங்கே வரலாம், சரியாகாவிட்டால் அப்புறம் பார்க்கலாம். நவமணி சரி என்று தலையாட்டினாள். ஏழு வருஷமாகத் தன் கட்டிலுக்கடியில் கிடந்த செருப்புகளை ஒவ்வொருவரும் குனிந்து எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஹால் இல்லாமல் தனக்கு அந்த ஊரில் ஒன்றுமில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை ஷம்சியா மாடியேறி வந்தாள். நேர் கீழ்வீட்டுக்காரி, காயல்பட்டினம். கையில் மூடிவைத்த ஒரு பாத்திரம் இருந்தது, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நேத்து உங்க பாட்டு எங்க பாத்ரூம் வரைக்கும் கேட்டுச்சு. பத்மாவுக்கு உடம்பு சரியில்லையா? ரெண்டு வாரமா டிவி போடலையே?"

"டிவிக்கும் எங்க பாட்டுக்கும் என்ன?"

ஷம்சியா அவளை உற்றுப் பார்த்தாள். "நீங்க விளையாடுறீங்களா? உங்களுக்குத் தெரியாதா?"

அப்புறம்தான் விஷயம் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கடைகள் அடைத்திருக்கும், தெருவில் கார் ஓடாது, ஊரே தூங்கும். அந்த நிசப்தத்தில் பாத்ரூம் ஜன்னல்கள் திறக்கும் காற்றுப் பொந்து வழியாகப் பாட்டு கீழ்த்தளம் வரை இறங்குகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் ரொம்பவே கேட்டது. வாட்ச்மேன் அந்தப் பொந்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததை ஷம்சியாவும் பத்மாவும் சேர்ந்தே பார்த்திருக்கிறார்கள்.

"உங்ககிட்டச் சொல்லிரலாம்னு நான் சொன்னேன். பத்மாதான் வேணாம்னா. சொன்னா அக்கா பாடுறத நிறுத்திருவாங்க, அவங்களுக்கு அது ஒண்ணுதான் சந்தோசம், நான் டிவிய வெச்சு மூடிக்கிறேன்னு சொன்னா. அவ வீட்டுக்காரரு பாவம், வெள்ளிக்கிழமை லீவுல காதுல பஞ்சை வெச்சுக்கிட்டுப் பேப்பர் படிக்கிறாரு. இன்னொண்ணும் சொல்லிர்றேன். மத்தவங்க குரல் ஒண்ணும் வெளியே வராதுக்கா. வர்றது உங்க குரல் மட்டுந்தான்."

ஷம்சியா போன பிறகு நவமணி சோபாவில் உட்கார்ந்தவள் எழவில்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து கதவைத் தட்டியபோதுதான் மணி தெரிந்தது. பத்து வாரம் தன் கூட்டத்துக்குக் காவல் இருந்தவளின் வாசலில் போய் நின்றுகொண்டு என்ன வார்த்தை சொன்னோம்! அதுவும் ஜெபத்தின் நடுவில் எழுந்து போய்! காலை நாலரை மணி ஜெபமும் உபவாசமும் தன்னைச் செய்ய வைக்காததை, ஒரு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்மா செய்திருக்கிறாள். இயேசுவைப் போல ஆக வேண்டும் என்று காலண்டரில் குறி போட்டுக்கொண்டிருந்தவள் இவள், அப்படி இருந்துகொண்டிருந்தவள் சுவருக்கு அந்தப் பக்கம். நவமணிக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனால் மனதில் இருந்த கணக்கு மொத்தமும் அழிந்துவிட்டதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இனி ஒளிந்துகொள்ள இடமில்லை.

மறுநாள் மாலை நாலு மணிக்கு எதிர்வீட்டு மணியை அழுத்தினாள். பத்மா கதவைப் பாதி திறந்து, கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"பத்மா, நான் சொன்னது பெரிய பாவம். மன்னிச்சிரு."

பத்மா உடனே கரைந்துவிடுவாள், இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று ஒரு படம் நவமணி மனதில் ஓடியிருந்தது. பத்மா கரையவில்லை.

"ஷம்சியா சொல்லிட்டாங்களா?"

"ஆமா."

"அதான் வந்திருக்கீங்க. டிவி விஷயம் தெரியாம இருந்திருந்தா வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன், இரண்டு தடவை உன் வாசல் வரை வந்தேன், இரண்டு வாரமாகத் தூங்கவில்லை. அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அத்தனையும் உண்மைதான். ஆனால் மணியை அழுத்தவில்லை என்பதும் உண்மை. நவமணி வாயை மூடிக்கொண்டாள்.

பத்மா பேசினாள். நாலு வருஷத்தில் அவள் அவ்வளவு பேசி நவமணி கேட்டதில்லை. "ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது நீங்க. அந்தத் துணியில சுத்திக் கொண்டுபோனதைப் பார்த்ததும் நீங்க. உலகத்துல வேற யார் சொல்லியிருந்தாலும் துடைச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன். உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு? நீங்க சொன்னதை நான் அவர்கிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல. சொன்னா அவரு தாங்க மாட்டாரு. தனியாவே வெச்சுக்கிட்டு இருக்கேன், தெரியுமா உங்களுக்கு?"

நவமணியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

ஆனால் கோபம் என்பது பெரிய விஷயத்தோடு நின்றுவிடுகிறதா? அடி மண்ணைக் கிளறியதும் சின்னதெல்லாம் சேர்ந்து வந்தது. பிள்ளைகள் மாடிப்படியில் ஓடுவது, மொட்டை மாடியில் கொடிக் கயிறு முழுவதையும் நவமணியே பிடித்துக்கொள்வது, போன வருஷம் வாங்கிய இடியாப்ப அச்சைத் திருப்பிக் கொடுக்காதது. "வாசல்ல வெச்சிருந்த என் துளசித் தொட்டியை நகர்த்தி வெயில் படாத இடத்துல வெச்சீங்களே, அது பட்டே போச்சு. நான் ஏதாவது கேட்டேனா?"

தொட்டியை நகர்த்தியவன் வாட்ச்மேன். நவமணி கண்ணால் பார்த்தவள். அன்றைக்கே அவனோடு சண்டைகூடப் போட்டவள். பெரிய குற்றத்துக்குத் தலை குனிந்து நிற்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை, செய்த தப்பல்லவா? செய்யாத ஒரு துளசித் தொட்டிக்காக வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் உயிர் போகிற மாதிரி இருந்தது. 'நான் இல்ல, வாட்ச்மேன்' என்று மூன்றே வார்த்தைதான். அதைச் சொன்னால் பத்மா நம்பியிருப்பாள். ஆனால் அப்புறம் பேச்சு தொட்டியைப் பற்றிப் போய்விடும், பத்மாவின் பிள்ளையைப் பற்றி இருக்காது.

நவமணி பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் என்று சொன்னால் அதுவும் சரியில்லை. எந்த இடத்தில் என்று தெரியாது, பல்லைக் கடிப்பது நின்றுபோயிருந்தது. பத்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள் பத்மா. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரண்டு வாரத்தில் இவ்வளவு மெலிந்ததை இப்போதுதான் பார்க்கிறோமே என்று நவமணி நினைத்துக்கொண்டாள். தான் என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்ற யோசனையே இல்லாமல் இன்னொருத்தி பேசுவதைக் கேட்பது, அவள் ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை.

ஒருவழியாகப் பத்மாவுக்கு மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னும் ஆறல" என்றாள் பத்மா. "அடுப்புல குழம்பு கொதிக்குது. நாளைக்கு வாங்க. இன்னும் இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது.

வீட்டுக்குள் ஜெயசிங் டியூட்டி முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன சொன்னாவ?"

"நாளைக்கு வரச் சொல்லியிருக்கா."

"என்னத்துக்கு?"

"ஏசுறதுக்கு. இன்னிக்கு முடியல்லியாம்."

ஜெயசிங் அவள் முகத்தைப் பார்த்தான். "போவியா?"

"போவேன்."

மறுநாள் நாலு மணிக்குப் போனாள். பத்மா வாசலில் நிற்க வைத்தே இருபது நிமிஷம் பேசினாள், கதவு மட்டும் முழுக்கத் திறந்திருந்தது. அதற்கு மறுநாளும் போனாள்.

அன்றைக்குப் பத்மா, திட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.